கடன் யார் கடன்?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொய்க் கல்லூரிகளால் ஏய்க்கப்பட்ட மாணவரின் கல்விக்கடனைச் சுமக்க வேண்டியவர் யார் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள். இவ்வினா அமெரிக்க ஒன்றிய நாடுகளில் எழுந்தது. அங்கே இலக்கக்கணக்கான எளிய குடும்பங்களை அழவைத்தது. முறைமன்றங்களையும் ஆட்சியாளரையும் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. தமிழியக்க மேடையில் அமெரிக்கக் கடனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் கேட்கலாம். அங்கே திறந்த அதே வாயில் இங்கும் திறந்திருக்கின்றது, அதனாற்றான் பேசுகின்றேன். அதனைப் பின்னர் விளக்குவேன். முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன்.

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். செய்ய வேண்டியதைச் செய்யாதவன் கடன்பட்டவனே என்று நம் முன்னோர் கருதினர் போலும். புறநானூற்றிற் பொன்முடியார் பாடிய பாட்டொன்று தாய்க்கு இன்ன கடன், தந்தைக்கு இன்ன கடன், கொல்லனுக்கு இன்ன கடன், வேந்தனுக்கு இன்ன கடன் என்று நால்வர்க்கும் பகுத்துச் சொல்லி, அதன் பின்னரே மகனுக்குரிய கடனைச் சொல்கின்றது. இவ் வரிசையை மனத்திற் கொள்ளுங்கள். மூத்தோர் தத்தம் கடனைச் செய்து முடித்த பின்னரே இளையவனிடம் கடனைக் கேட்கலாம். நான் சொல்ல விரும்புவதும் இதுவே. கடமையாகிய கடனில் எவன் தவறினானோ, பணமாகிய கடனை அவனே சுமக்க வேண்டும்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

கலிபோர்னியா மாநிலத்தில் 1995ஆம் ஆண்டிற் கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் நிறுவனம் தோன்றியது. கல்வியை விற்று ஊதியம் ஈட்டுவதே அதன் நோக்கம். 1999இல் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. எவரெசுட்டு, ஈல்டு, வையோடெக்கு என்னும் பெயர்களில் ஊர்தோறும் கிளை பரப்பியது. 2010ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மேற்பட்ட வளாகங்களில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட மாணவர் அதிற் பயின்றனர். மருத்துவ உதவியாளர், பல்மருத்துவ உதவியாளர், வண்டி பழுது பார்ப்போர் போன்ற பணிகளுக்குப் பயிற்சி தருவதாக அது சொல்லிற்று. பயின்றவர்க்கெல்லாம் வேலை உறுதி என்று விளம்பரம் செய்தது.

அவ் விளம்பரத்தில் உண்மை இல்லை. வேலை பெற்றோர் கணக்கு பொய்யாக எழுதப்பட்டது. சில நாள் தற்காலிக வேலை கொடுக்குமாறு சில நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, அவ் வேலையையும் ‘வேலை பெற்றோர்’ கணக்கிற் சேர்த்தனர். தாய்வழியில் தமிழ்நாட்டு வேர்கொண்ட கமலா ஆரிசு, கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது 2013இல் இந் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். எவரைக் குறிவைத்து மாணவராகப் பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் உள்ளாவணங்கள் கூறியதை அவ் வழக்கு வெளிக்கொணர்ந்தது. தனித்துக் கிடப்போர், தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுவோர், தம் நலம் நாடுவோர் சிலரே உள்ளோர் ஆகியோரே அவர்களின் இலக்கு. ஆசிரியப் பணியில் நாங்கள் எந்தப் பிள்ளையைக் கூடுதலாக அணைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றோமோ, அந்தப் பிள்ளையை அவர்கள் வேட்டைப்பொருளாகக் கண்டனர்.

இந் நிறுவனத்திற்குப் பணம் எங்கிருந்து வந்தது? நடுவணரசின் கல்விக்கடனும் உதவித்தொகையுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி தாலர் அதன் பெட்டிக்குச் சென்றது. 2014இல் அரசு அப் பணத்தை 21 நாள் தாழ்த்தித் தருவதாகச் சொன்ன அளவிலேயே நிறுவனம் மூச்சுத் திணறியது. அரசு தந்த பாலைக் குடித்தே அக் குழந்தை வளர்ந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதே ஆண்டில் அதன் வளாகங்களுள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை வாங்க உடன்பட்டது யார் தெரியுமா? கல்விக்கடனுக்குப் பிணைநின்று, தவணை தவறியோரிடம் தண்டல் செய்துவந்த ஒரு குழுமம்! 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் எஞ்சிய வளாகங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. ஏறத்தாழ 16,000 மாணவர் தெருவில் நின்றனர். அடுத்த மாதமே நிறுவனம் மஞ்சட் கடிதம் நீட்டியது. அதன் உடைமை 2 கோடி தாலருக்கும் குறைவு. கடன் 14 கோடி தாலருக்கு மேல்.

அடுத்த ஆண்டு, 2016 செப்தம்பரில், ஐ.டி.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி நிறுவனமும் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தன் வளாகங்களை மூடியது. ஆகவே இஃது ஒரு நிறுவனத்தின் தீமை அன்று. ஒரு முறைமையின் தீமை.

இப்பொழுது பொன்முடியார் பகுத்ததுபோல நாமும் கடனைப் பகுப்போம். இங்கே கடனுடையோர் நால்வர்: கல்லூரி நடத்தியோர், தரச்சான்று கொடுத்தோர், கடன் கொடுத்த அரசு, கடன் வாங்கிய மாணவர்.

முதலாமவர் கடன், சொன்னபடி கற்பித்தல். அதை அவர்கள் செய்தார்களா? அமெரிக்க மேலவை உறுப்பினர் தாம் ஆர்க்கின் தலைமையிலான குழு 30 நிறுவனங்களை ஆய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டுக் கணக்கில், வருவாயில் ஏறத்தாழ 23 விழுக்காடு விளம்பரத்திற்கும் ஆள் சேர்ப்பிற்கும் சென்றது; 19 விழுக்காடு ஊதியமாக ஒதுங்கியது; கற்பித்தலுக்குச் செலவானது 17 விழுக்காடே. ஆள்பிடிக்கும் செலவு, கற்பிக்கும் செலவினும் மிகுதியாக உள்ள இடத்தைக் கல்லூரி என்று எப்படி அழைப்பது? அங்காடி என்றே அழைக்க வேண்டும்.

இரண்டாமவர் கடன், தரம் பார்த்துச் சொல்லுதல். கொரிந்தியனுக்கும் ஐ.டி.டி.க்கும் தரச்சான்று கொடுத்த குழு ஒன்றே. அக் குழு எவர் பணத்தில் நடந்தது? தான் சான்று கொடுத்த கல்லூரிகள் செலுத்திய கட்டணத்தில் நடந்தது. கூலி கொடுப்பவனுக்கு எதிராகக் கூலி வாங்குபவன் தீர்ப்புச் சொல்வானா? 2016இல் அக் குழுவிற்கிருந்த ஏற்பை அரசு நீக்கிற்று. 2018இல் மீண்டும் கொடுத்தது. 2022இல் மறுபடியும் நீக்கிற்று. இவ்வாறு எடுத்தும் கொடுத்தும் ஆடிய ஆட்டத்தில் காவற்காரனைக் காக்கும் காவற்காரனும் உறங்கினான் என்பது விளங்கும்.

மூன்றாவதாக அரசின் கடன். 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் எளியோரும் பயில வழிகோலியது, அது நன்று. 1972ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதிய நோக்குடைய கல்லூரிகளுக்கும் அப் பணத்தின் கதவை அகலத் திறந்தது. தீமை நுழையும் என்று அறியாமற் செய்தனர் என்றும் சொல்ல இயலாது. இரண்டாம் உலகப் போர் முடிவில், 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி, படையிலிருந்து திரும்பியோர்க்குக் கல்விப்பணம் கொடுத்தபோதே அதைக் கவரப் பொய்ப்பள்ளிகள் காளான்கள்போல் முளைத்தன. ஆதலால், ஒரு படிப்பிற் பயில்வோருள் அரசின் அப் பணத்திற் பயில்வோர் நூற்றுக்கு 85 பேருக்கு மேற்படலாகாது என்று 1952இல் வரம்பு கட்டினர். அதே கருத்தில் 1992இல், இத்தகைய கல்லூரியின் வருவாயில் நடுவணரசின் மாணவர் உதவிப்பணம் 85 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்றனர். 1998இல் அதனை 90 ஆகத் தளர்த்தினர். அதிலும், படைஞர்க்குரிய கல்விப்பணம் அத் தொண்ணூற்றிற் சேராது. எனவே கல்லூரிகள் படைஞரைத் தேடித் தேடிப் பிடித்தன. அவ் ஓட்டையை அடைக்க 2021 வரை ஆயிற்று. 2010இல் அரசின் தணிக்கைத் துறையினரே மாணவர்போல் 15 கல்லூரிகளுக்குச் சென்று பார்த்தனர். பதினைந்தும் ஏமாற்றுமொழி பேசின. அறிந்தும் பணம் கொடுத்துக்கொண்டே இருந்த அரசு தன் கடனைச் செய்ததாகச் சொல்ல இயலுமா?

நான்காவதாக மாணவர். நம்பிப் பயில்வது அவர் கடன். அதை அவர் செய்தார். பகலெல்லாம் வேலை செய்து மாலையில் வகுப்பிற்குச் சென்ற தாய்மாரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த இளைஞருமே இவருட் பலர். ‘நன்றாக ஆராய்ந்து சேர்ந்திருக்க வேண்டாவா?’ என்று கேட்போர் உளர். ஆராய்வதற்கு அவர் கையில் இருந்தவை எவை? கல்லூரி கொடுத்த வேலைக் கணக்கு, அது பொய். தரக்குழுவின் சான்று, அது விலைபோனது. அரசு கடன் கொடுக்க முன்வந்தது. அதுவே பெரிய சான்றாகத் தோன்றியது. பல்லாயிரம் அலுவலரும் வழக்கறிஞரும் தணிக்கையாளரும் கொண்ட ஒரு பேரரசு கண்டுபிடித்துத் தடுக்காத பொய்யை, பதினெட்டு அகவை நிரம்பிய பெண்ணொருத்தி கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது முறையாகுமா?

நால்வருள் தன் கடனைச் செய்தவர் மாணவர் ஒருவரே. ஆனாற் கடன் யார் தலையில் ஏறியது? அவர் ஒருவர் தலையில்!

இதிற் கொடுமையிற் கொடுமை ஒன்று உண்டு. கொரிந்தியன் நிறுவனம் மஞ்சட் கடிதம் கொடுத்ததும் அதற்குக் கடன் கொடுத்தோர் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நிறுவனம் மறைந்தது, கடனும் மறைந்தது. அதே வழியை மாணவர் நாடலாமா என்றால் இயலாது. 1976ஆம் ஆண்டுச் சட்டம், கல்விக்கடனை முதல் ஐந்தாண்டுகளுக்கு நொடிப்பு வழக்காற் கழிக்க இயலாது என்றது. 1998இல் அக் கால எல்லையையும் எடுத்துவிட்டனர். 2005இல் தனியார் கொடுத்த கல்விக்கடனையும் அவ்வாறே ஆக்கினர். மிகக் கொடிய இடர்ப்பாட்டை மெய்ப்பித்தாலன்றி அக் கடன் கழியாது. சூதாடித் தோற்றவன் கடன் கழியும். கற்கச் சென்று ஏமாந்தவள் கடன் கழியாது. அரசுக் கடனாயின் முறைமன்ற ஆணையின்றியே சம்பளத்திற் பிடிக்கலாம். திரும்ப வரவேண்டிய வரிப்பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஏய்த்தவனுக்கு ஒரு சட்டம், ஏய்க்கப்பட்டவனுக்கு ஒரு சட்டம் என்றால், அங்கே முறை எங்கே இருக்கின்றது?

இவ்விடத்தில் அந் நாட்டு மாணவரைப் பாராட்ட வேண்டும். கல்லூரி பொய்யுரைத்து ஏய்த்திருந்தால் மாணவர் அதைச் சொல்லிக் கடன் மறுக்கலாம் என்னும் விதி 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனாற் சட்டநூலில் உறங்கிய அவ்விதியை இருபதாண்டுக் காலம் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எடுத்தாண்டனர். இருப்பதே பலர்க்குத் தெரியாது. 2015 பிப்பிரவரியிற் கொரிந்தியன் மாணவர் பதினைவர், ‘இக் கடனைச் செலுத்த மாட்டோம்’ என்று வெளிப்படையாக அறிவித்தனர். தண்டலர் தம் சம்பளத்தைப் பறிப்பர் என்று தெரிந்தே அறிவித்தனர். சில கிழமைகளிற் பதினைவர் நூற்றுவர் ஆயினர். அவர் எழுப்பிய குரலுக்குப் பின்னரே உறங்கிய விதி கண்விழித்தது. பல்லாயிரவர் முறையீடு செய்தனர்.

2016இற் கலிபோர்னியா முறைமன்றம் கொரிந்தியன் நிறுவனம் 110 கோடி தாலருக்கு மேற் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை எத்தனை முறை திறந்தாலும் உள்ளே என்ன இருக்கும்? ஆட்சி மாறிற்று. 2018 நடுவிலிருந்து 2019 இறுதி வரை, ஓராண்டிற்கும் மேலாக, ஒரு முறையீட்டிற்கும் விடை கூறாமற் கல்வித்துறை கிடப்பிற் போட்டது. கொரிந்தியன் மாணவரிடம் தண்டல் செய்யாதே என்று முறைமன்றம் ஆணையிட்ட பின்னரும் 16,000 பேரிடம் தண்டல் தொடர்ந்தது. ஆதலால் 2019இல் முறைமன்ற இகழ்ச்சிக்காகக் கல்வித்துறைத் தலைவர் பெட்சி தெவோசும் அவர் துறையும் குற்றவாளிகள் எனக் கண்டு ஓரிலக்கம் தாலர் தண்டம் விதித்தது முறைமன்றம்.

முடிவில், 2022ஆம் ஆண்டிற் கொரிந்தியனில் தொடக்க நாள் முதல் மூடிய நாள் வரை பயின்ற 5,60,000 பேரின் எஞ்சிய கடன் 580 கோடி தாலரை அரசு தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் ஐ.டி.டி. மாணவர் 2,08,000 பேரின் 390 கோடி தாலரும் தள்ளுபடி ஆயிற்று. வேறு பல கல்லூரிகளின் மாணவர் ஏறத்தாழ இரண்டிலக்கம் பேர்க்கு 600 கோடி தாலர் அளவிலான உடன்பாடும் அவ்வாண்டே ஏற்கப்பட்டது. முறை வென்றது என்று மகிழலாம். ஆனால் ஏழாண்டுகள் கழிந்தே வென்றது. அவ் வேழாண்டில் வீடு வாங்க இயலாமற் போனவர்க்கும், மணத்தைத் தள்ளிப்போட்டவர்க்கும், மீண்டும் படிக்க வழியின்றி நின்றவர்க்கும் கழிந்த நாளை யார் திருப்பிக் கொடுப்பார்? 2022இல் வகுத்த கனிவான விதிகளையும் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுக் காலம் தள்ளிவைத்துவிட்டது. ஆட்சிக்கு ஆட்சி மாறும் அருளை நம்பி ஏழை வாழ இயலாது; மாறாத விதியே அவனுக்குத் தேவை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுகின்றது. அதனை எள்ளாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அரசு தள்ளுபடி செய்தால் அப் பணம் யாருடையது? கல்லூரி வாயிலையே காணாத உழவனும் தச்சனும் கட்டிய வரிப்பணம் அன்றோ? ஏமாந்தவன் கடனை ஏமாறாதவன் ஏன் சுமக்க வேண்டும்?’ என்கின்றனர். வன்மையான வினாவே. ஆனால் உழவன் பணம் தள்ளுபடி செய்த அன்று போகவில்லை. கடனாகக் கொடுத்த அன்றே அது கல்லூரி முதலாளியின் பெட்டிக்குப் போய்விட்டது. இப்பொழுது கேட்க வேண்டியது, போன பணத்தை எவனிடம் மீட்பது என்பதே. பணத்தை வைத்திருப்பவனிடம் மீட்பதா? பணத்தைக் கண்ணாலும் காணாமல் தாளில் ஒப்பமிட்ட மாணவனிடம் மீட்பதா? உழவன்பால் மெய்யான பரிவுடையோர் முதலாளியைத் துரத்த வேண்டும், மாணவனைத் துரத்தலாகாது.

அந்தத் துரத்தலே அங்கு நடைபெறவில்லை. ஐ.டி.டி. நிறுவனத்தின் தலைமை அலுவலர் 2018இல் இரண்டிலக்கம் தாலரும், பணத்துறைத் தலைவர் ஓரிலக்கம் தாலரும் செலுத்தி, குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் தம்மேலிருந்த வழக்கை முடித்துக்கொண்டனர். அவ் வழக்கும் மாணவரை ஏய்த்ததற்காக வந்ததன்று. பங்கு வாங்கியோரிடம் உண்மையை மறைத்ததற்காக வந்தது. மாணவர்க்குக் கழிந்தது 390 கோடி. தலைவர் இருவர் கொடுத்தது மூன்றிலக்கம்! நிறுவனத்தை ஆட்டுவிப்போரைத் தனிப்பட்ட முறையிற் பொறுப்பாக்கும் உரிமை உயர்கல்விச் சட்டத்திலேயே நெடுங்காலமாக இருந்தும், அக் கருவியைப் பல்லாண்டு துருப்பிடிக்க விட்டனர்.

‘அப்படியாயின் முதலாளியிடம் மீட்கும் வரை மாணவர் காத்திருக்கட்டும்’ எனலாமா? ஆகாது. சிலப்பதிகாரத்தை நினையுங்கள். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். சிலம்பைத் திருடியவனும் அவனே. ஆயினும் கண்ணகி வழக்குரைத்து உண்மை வெளிப்பட்டபொழுது, பாண்டியன் ‘பொற்கொல்லன் என்னை ஏய்த்தான், அவனிடம் போய்க் கேள்’ என்று சொன்னானா? இல்லை. பழியைத் தன்மேல் ஏற்றான், அக்கணமே உயிர்விட்டான். பொய் பிறனுடையது, ஆணை தன்னுடையது. அரசின் முத்திரை விழுந்த பின்னர் அப் பொய் அரசின் பொய்யாகிவிடுகின்றது என்பதை அத் தமிழ் வேந்தன் உணர்ந்திருந்தான். இற்றை அரசுகளிடம் நாம் உயிரைக் கேட்கவில்லை. முத்திரை இட்டவன் கணக்கைத் தீர்க்கட்டும் என்றே கேட்கின்றோம். முதலில் அரசு மாணவரை விடுவிக்க வேண்டும். பிறகு தன் வலிமையைக் கொண்டு முதலாளியிடமிருந்து மீட்க வேண்டும். மாணவரால் முதலாளியைத் துரத்த இயலாது, அரசால் இயலும்.

இனி, வாயில் இங்கும் திறந்திருக்கின்றது என்றேனே, அதற்கு வருகின்றேன்.

2011இற் கலிபோர்னியாவில் திரைவேலிப் பல்கலைக்கழகம் என்னும் போலி நிறுவனம் பிடிபட்டது. அதிற் சேர்ந்திருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவருட் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, அதிலும் ஆந்திரப் பகுதியிலிருந்து சென்றோர். ஏய்க்கப்பட்ட அப் பிள்ளைகளுட் சிலர் காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டினர்! நடத்தியவர்க்குப் பின்னர்ப் பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறை கிடைத்தது. ஆனால் ஊரில் பெற்றோர் வாங்கிய கடனை அத் தண்டனை கழிக்கவில்லை. கடல் கடந்து பயிலச் செல்லும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே இடர் காத்திருக்கின்றது.

நம் நாட்டிற்குள்ளும் பாருங்கள். 2024இல் தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே காலத்திற் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டதை அறப்போர் இயக்கம் வெளிப்படுத்தியது. 224 கல்லூரிகள், 353 ஆசிரியர் என்று அது பட்டியலிட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்பி உசாவற்குழு அமைத்தது. இல்லாத ஆசிரியரைக் காட்டி ஏற்புப் பெற்ற கல்லூரியில், இருக்கும் மாணவர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினர் அன்றோ? அங்கே கொரிந்தியன் வேலைக்கணக்கிற் பொய் எழுதிற்று. இங்கே ஆசிரியர் கணக்கிற் பொய் எழுதினர். சான்று கொடுத்தோர் இரண்டிடத்தும் உறங்கினர்.

ஆனால் அங்கே இருந்த ஒரு விதி இங்கே இல்லை. 2001இல் இந்திய வைப்பகங்களின் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், மாணவரோடு பெற்றோரும் கூட்டாகக் கடன்பட்டோர் ஆவர். தொகை பெருகப் பெருகப் பிறர் பிணையும் வீடு, நிலம் முதலிய ஈடும் கேட்கப்படும். கல்லூரி பொய்த்தாற் கடன் கழியும் என்னும் விதி அத் திட்டத்தில் இல்லை. நெல் விற்று மகளைப் படிக்கவைக்கும் தந்தை, தன் நிலத்தையும் கூட எழுதிக் கொடுத்துவிடுகின்றார். கல்லூரியோ தன் பங்கிற்கு ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நம் இயக்கத்திற்கே உரியது. அந்தத் தந்தை ஒப்பமிடும் ஆவணம் எம்மொழியில் உள்ளது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். கல்லூரி தரும் விளம்பர ஏடு எம்மொழியில்? அதுவும் ஆங்கிலத்தில். விளங்காத மொழி விலையுயர்ந்த மொழி என்னும் மயக்கம் நம் மக்களைப் பிடித்திருக்கும் வரை, பொய்யனுக்கு ஆங்கிலமே நல்ல போர்வை. படித்துப் பார்க்க இயலாத தாளிற் போட்ட ஒப்பம் உடன்பாடு ஆகுமா? தாய்மொழி வேண்டும் என்று நாம் கேட்பது வெறும் உணர்ச்சி என்று நகைப்போர்க்கு இதுவே விடை: தாய்மொழியில்லா ஆவணத்தால் ஏழையின் நிலம் போகின்றது.

ஆதலால் நாம் வற்புறுத்த வேண்டியவை ஐந்து. ஒன்று, கல்லூரி பொய்யுரைத்து மாணவரை ஏய்த்தது மெய்ப்பிக்கப்பட்டால், அக் கல்லூரிக்காகப் பெற்ற கடனும் வட்டியும் மாணவர்மீதும் பெற்றோர்மீதும் இராமற் கழிய வேண்டும். இது புதுமை அன்று. விற்றவன் ஏய்த்தால், அவ் விற்பனையோடு இணைந்து வந்த கடனைத் தண்டுவோனிடமும் வாங்கியவன் அதைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று 1975லேயே அமெரிக்க வணிக ஆணையம் விதி வகுத்திருக்கின்றது. இரண்டு, கல்லூரி தொடங்குவோர் மாணவர் கட்டணத்திற்கு ஈடாக ஒரு தொகையை முன்கூட்டியே அரசிடம் கட்டிவைக்க வேண்டும். பெட்டி வெறுமையான பின்னர்த் தீர்ப்புப் பெற்றுப் பயனில்லை. மூன்று, நிறுவனம் நொடித்தாலும் அதை ஆட்டுவித்தோர் தம் தனியுடைமையாற் பொறுப்பேற்க வேண்டும். நான்கு, தரம் பார்ப்போர்க்கு, தரம் பார்க்கப்படும் கல்லூரியிடமிருந்து ஒரு காசும் செல்லலாகாது. பொய்ச்சான்று கொடுத்தோர் இழப்பிற் பங்கு ஏற்க வேண்டும். ஐந்து, கல்விக்கடன் ஆவணம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். கடன்பட்டோர்க்குப் படித்துக் காட்டிய பின்னரே ஒப்பம் பெற வேண்டும்.

மாணவ இளவல்களே! கல்லூரி விளம்பரத்தைக் கண்டால் முதலில் ஆசிரியர் பட்டியலைக் கேளுங்கள். பயின்று சென்றோரைத் தேடிப் பேசுங்கள். பல்கலைக்கழக நல்கைக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பாருங்கள். பெற்றோரின் ஒப்பம் விழுமுன், அந்தத் தாளைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். இவை உங்கள் கடன். ஆனால் இவற்றையெல்லாம் செய்த பின்னரும் ஏய்க்கப்பட்டால், வெட்கித் தலைகுனிய வேண்டா. அது உங்கள் குற்றம் அன்று. அந்தப் பதினைவரைப் போல ஒன்றுகூடுங்கள். தனித்தவன் கடனாளி, கூடியவர் வழக்காளிகள் என்பதை மறவாதீர்கள்.

பெரியோர்களே! கற்கச் சென்ற குற்றத்திற்காக ஒரு தலைமுறையைக் கடனிற் பிணிக்கும் நாடு, கல்வியை மதிக்கும் நாடு ஆகாது. கற்பித்தல் கல்லூரியின் கடன். காத்தல் அரசின் கடன். இவ்விரு கடனும் நிறைவேறாதவிடத்து, ஏழை மாணவன் தலையிலிருக்கும் கடனை இறக்கிவைக்குமாறு கேட்பது நம் கடன். அக் கடனை இன்றே தொடங்குவோம்.

 வெல்க தமிழ்! ஓங்குக தமிழர் நல்வாழ்வு!